கோபத்தில் வெடிக்கும் பிள்ளையும் நம் பள்ளிவாசலும்

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே, மேல்தளத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அல்லாஹ்வைப் பயந்து வாழுமாறு எனக்கும் உங்களுக்கும் முதலில் நஸீஹத் செய்துகொள்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்த பிறகு, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் எல்லோரும் போகும் வரை காத்திருந்து என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், இனிமேல் என் மகனை ஜும்ஆவுக்குக் கூட்டிட்டு வர மாட்டேன்" என்றார். பையனுக்கு எட்டு வயது. முந்தின வாரம் குத்பா நேரத்தில், பக்கத்தில் இருந்த பிள்ளை அவன் தொப்பியை எடுத்ததும் அலறினான், உதைத்தான், தடுக்கப்போன அத்தாவின் கையைக் கடித்தான். "பிள்ளை வளர்க்கத் தெரியாதவங்க எல்லாம் ஏன் கூட்டிட்டு வர்றாங்க" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். நானும் மிம்பரில் நின்றுகொண்டு, "அந்தப் பையனை வெளியே கொண்டுபோங்க" என்றேன். அந்தச் சகோதரர் சட்டைக் கையை மடித்து அந்தப் பல்தடத்தைக் காட்டினார். அது வலிக்கவில்லையாம், நான் சொன்னதுதான் வலித்ததாம்.

அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் சொன்னது ஜமாஅத்தின் முன்னால், ஆகவே மன்னிப்பையும் ஜமாஅத்தின் முன்னால் கேட்கிறேன்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு தொழுகையில் ஸஜ்தாவை மிகவும் நீட்டினார்கள். ஏதேனும் நேர்ந்துவிட்டதோ, வஹீ இறங்குகிறதோ என்று ஸஹாபாக்கள் எண்ணினார்கள். தொழுகை முடிந்து கேட்டபோது, பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதாகவும், அவராக இறங்கும் முன் அவசரப்படுத்த மனம் வரவில்லை என்றும் நபியவர்கள் சொன்னார்கள். நஸாயீயில் பதிவான செய்தி இது. ஒரு சிறு பிள்ளைக்காக முழு ஜமாஅத்தும் ஸஜ்தாவில் காத்திருந்திருக்கிறது. நாம் ஒரு நிமிடச் சத்தத்தைத் தாங்கவில்லை.

பெற்றோர்களே, இனி உங்களிடம் பேசுகிறேன். எல்லாப் பிள்ளையும் அடம் பிடிக்கும். ஆனால் சில பிள்ளைகளுக்குக் கோபம் வந்தால் அதை அடக்கும் திறன் வயதுக்கேற்ப வளர்ந்திருக்காது. பேச்சு தாமதமான பிள்ளை, சொல்ல முடியாததைக் கையாலும் காலாலும் சொல்லும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மின்விசிறிச் சத்தமும் கூட்டமுமே தாங்க முடியாததாக இருக்கலாம். கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் உள்ள பிள்ளைக்கு, செய்யும் வேலையை விட்டு அடுத்ததற்கு மாறுவதே பெரும்பாடு. தூக்கம், பசி, பள்ளிக்கூடத்தில் நடந்த அவமானம் ஆகியவையும் இதில் சேரும். 'வேண்டுமென்றே செய்கிறான்' என்று முடிவு கட்டுமுன் இவற்றைப் பாருங்கள்.

அவன் கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் புத்தி சொல்லாதீர்கள், அது காதில் ஏறாது. மூஸா (அலை) அவர்களின் சம்பவத்தைப் பாருங்கள். அவர்களின் கோபம் அல்லாஹ்வுக்கானது, நம் வீட்டுச் சண்டையோடு அதை ஒப்பிட முடியாது. ஆனாலும் ஹாரூன் (அலை) அவர்கள் நடந்துகொண்ட விதத்தில் நமக்குப் பாடம் இருக்கிறது. தலைமுடியைப் பிடித்து இழுக்கப்பட்டபோது அவர்கள் திருப்பி இழுக்கவில்லை, என் தாயின் மகனே என்றுதான் அழைத்தார்கள். கோபம் தணிந்த பிறகே மூஸா (அலை) பலகைகளை எடுத்துக்கொண்டதாக அல்அஃராஃப் அத்தியாயத்தில் அல்லாஹ் கூறுகிறான். உங்கள் வீட்டிலும் பலகையை எடுக்க அந்த நேரம் வரட்டும். அதுவரை தம்பி தங்கைகளைத் தள்ளி வையுங்கள், எறியக்கூடிய பொருளை அகற்றுங்கள், குரலைத் தாழ்த்திப் பக்கத்தில் இருங்கள்.

தணிந்த பிறகு, அன்றே அல்லது மறுநாள், "என்ன ஆச்சுப்பா, அடுத்த தடவை என்ன செய்யலாம்" என்று கேளுங்கள். எந்த நேரத்தில், எதற்காக வெடிக்கிறான் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல்போனைப் பிடுங்கும்போதுதான் வெடிக்கிறான் என்று தெரிந்தால், பத்து நிமிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

அடித்தால் திருந்துவான் என்பார்கள். பயத்தில் அன்றைக்கு அடங்குவான், ஆனால் கோபம் வந்தால் கை ஓங்க வேண்டும் என்பதை நம்மிடமே கற்றுக்கொள்வான். அபூ மஸ்ஊத் (ரலி) அவர்கள் தம் அடிமையைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கோபத்தில் அது யாருடைய குரல் என்றே அவர்களுக்குப் புரியவில்லை. நெருங்கி வந்த பிறகுதான் நபி (ஸல்) அவர்கள் என்று தெரிந்தது. அவன் மீது உமக்கிருக்கும் சக்தியைவிட உம் மீது அல்லாஹ்வுக்கிருக்கும் சக்தி அதிகம் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். கோபத்தில் இருக்கும் பெற்றோருக்கும் அப்படித்தான் காது அடைத்துப்போகிறது. நிற்கும்போது கோபம் வந்தால் உட்காரச் சொன்னார்கள், அதுவும் போகவில்லையென்றால் படுக்கச் சொன்னார்கள். முதலில் நாம் உட்காருவோம்.

தாய்மார்களே, "நாசமாப் போ" என்று வாயில் வந்துவிடுகிறது, எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு எதிராக துஆ கேட்காதீர்கள் என்று நபியவர்கள் தடுத்தார்கள், அது துஆ ஏற்கப்படும் நேரமாக அமைந்துவிடலாம் என்பதற்காக. தகப்பன்மார்களே, எல்லாப் பழியையும் மனைவியின் வளர்ப்பின் மீது போட்டுவிட்டு வெளியே கிளம்பாதீர்கள். நாள் முழுக்க அந்தப் பிள்ளையோடு இருப்பவர் அவர்தான், அவருக்கும் ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டும்.

ஓதிப் பார்ப்பது கூடும், செய்யுங்கள். அதோடு மருத்துவமும் செய்யுங்கள், மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னதும் நபியவர்களே. ஜின் பிடித்திருக்கிறது என்று பிள்ளையை அடித்துப் பணம் பறிப்பவரிடம் போய்விடாதீர்கள். 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து இலவசமாகச் சிகிச்சை தர அரசு 2013 முதல் தேசிய சிறார் நலத் திட்டத்தை நடத்துகிறது. அதற்கான மாவட்ட இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரிடம் போனால் பைத்தியம் என்பார்களே, நாளைக்குப் பெண் கிடைக்காதே என்று பயந்து வருடங்களை வீணாக்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சகோதரரிடம், கூட்டம் குறைந்த அஸர் தொழுகைக்கு முதலில் கூட்டி வாருங்கள் என்றேன். மூன்று வாரமாகப் பையன் வருகிறான். கடைசி வரிசையில், ஹவ்லுக்குப் பக்கத்துத் தூணோரம் உட்காருகிறான். இன்ஷா அல்லாஹ் அடுத்த ஜும்ஆவுக்கும் வருவான். அந்தத் தூணோரம் இரண்டு பேருக்கு இடம் விட்டு வையுங்கள். அவன் சத்தம் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். நான் குத்பாவை நிறுத்த மாட்டேன்.

யா அல்லாஹ், இந்தப் பிள்ளைகளின் உள்ளத்தில் அமைதியைத் தருவாயாக. இவர்களைப் பெற்றவர்களுக்குப் பொறுமையையும் உறக்கத்தையும் தருவாயாக. ஆமீன்.