ஆற்றில் போட்ட பொன், பொறியில் வைத்த பணம்

‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது’ என்பது மற்ற ஊர்களில் கேலிப் பழமொழி. விருத்தாசலம் பக்கத்துக்காரர்களான எங்களுக்கு அது ஊர்ப் பெருமை. பழமலைநாதர் கொடுத்த பன்னிரண்டாயிரம் பொன்னை ஆரூரார் வியக்க ஆரூரிலேயே வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டார் சுந்தரர். அதனால் எங்கள் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுப் போய், திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். கதை சொல்லும் பெரியவர்கள் இதில் ஒரு இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். போடுவதற்கு முன் சுந்தரர் அந்தப் பொன்னில் மாற்றுப் பார்க்கும் மச்சமாகக் கொஞ்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் வந்த பொன்னை அதோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது. விடவில்லை. மறுபடி பாடி, மாற்றுச் சரியான பிறகுதான் பொன்னை ஏற்றுக்கொண்டார். சேக்கிழார் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்றே பெயர். அந்தத் தோழனின் பொன்னையே உரைகல்லில் தேய்த்திருக்கிறார். நம்பிக்கை உள்ளவன் சோதிக்கலாமா? சோதித்த பிறகு அதை நம்பிக்கை என்று சொல்ல முடியுமா?

நான் விருத்தாசலத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவன், வீடு நல்லூரில். எனக்கு இந்தக் கேள்வி கோயிலில் வந்ததல்ல, வழக்குக் கட்டுக்குள் இருந்து வந்தது. எங்கள் சீனியர் சில லஞ்ச வழக்குகளுக்காகக் கடலூர் போவார். ‘ட்ராப் கேஸ்’ என்போம். நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் பொடி தடவி, புகார்தாரர் கையில் கொடுத்தனுப்புவார்கள். கூடவே ஒரு சாட்சி போவார். வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். அந்தப் பாட்டிலுக்குச் சீல் வைத்து, மகஜர் எழுதி, கையெழுத்து வாங்குவார்கள். அப்படி ஒரு வழக்குக்கு முன்தீர்ப்புத் தேடிப் பழைய சட்ட ரிப்போர்ட்டுகளைப் புரட்டியபோதுதான் விந்தியப் பிரதேசம் என்ற மாநிலத்தின் பெயரை முதன்முதலாகப் பார்த்தேன். அதன் வழியாகக் கே. சந்தானத்திடம் வந்து சேர்ந்தேன்.

1895இல் பிறந்த தமிழர். சட்டம் படித்தவர். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் வக்கீல் தொழிலை விட்டார். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜியின் காந்தி ஆசிரமத்தில் வேலை பார்த்தார். பிறகு இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகைக்கு ஆசிரியர். அரசியல் நிர்ணய சபையில் 1947இல் அவர் பேசியதை மாநில உரிமை பேசுபவர்கள் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். எல்லா அதிகாரத்தையும் மத்தியிலே குவித்தால் மத்தி பலமாகிவிடும் என்பது ஒரு பிரமை, பாரம் கூடக்கூட அது பலவீனமாகும் என்பது அவர் வாதம். அப்படிப் பேசியவரையே, ரயில்வே இணை அமைச்சராக இருந்து முடித்த பிறகு, 1952இல் மத்திய அரசு தன் ஆளாக விந்தியப் பிரதேசத்துக்குத் துணைநிலை ஆளுநராக அனுப்பியது. பதவி மனிதனோடு இப்படி விளையாடுவது புதிதில்லை.

பந்தேல்கண்ட், பாகேல்கண்ட் சமஸ்தானங்கள் 35ஐ ஒட்டி 1948இல் உண்டாக்கிய சின்ன மாநிலம் அது, தலைநகர் ரேவா. 1956 நவம்பர் 1 அன்று மத்தியப் பிரதேசத்தில் கரைந்துவிட்டது. அத்தோடு சந்தானத்தின் ஆளுநர் பதவியும் போயிற்று. ஆண்ட மண்ணுக்குப் பெயரே இல்லாமல் போனது. தன் பதவி நிலையாது என்று எல்லா ஆளுநருக்கும் தெரிந்திருக்கும். தன் மாநிலமே நிலையாது என்று கண்டவர்கள் குறைவு.

சட்ட ரிப்போர்ட்டில் நான் பார்த்த விந்தியப் பிரதேச வழக்குக்கு வருகிறேன். ராவ் சிவ பகதூர் சிங் அந்த மாநிலத்தின் தொழில் அமைச்சர். பன்னா வைரச் சுரங்க விவகாரத்தில் 25,000 ரூபாய் வாங்கினார் என்று 1949இல் டெல்லியில் பிடிபட்டார். சந்தானம் வருவதற்கு மூன்று வருஷம் முந்தைய சம்பவம். ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1954 மார்ச்சில் வந்தபோது ரேவாவில் ஆளுநர் மாளிகையில் இருந்தவர் இவர்தான். அமைச்சரின் தண்டனை நிலைத்தது. அதே தீர்ப்பில் நீதிபதி பகவதி போலீஸையும் கண்டித்தார். லஞ்சத்தைப் பிடிக்கப் பொறி வைக்க வேண்டி வரலாம். ஆனால் கொடுக்கிறவனிடம் பணமும் இல்லை, புரட்ட வழியும் இல்லை என்னும்போது போலீஸே பணத்தைக் கொடுத்து லஞ்சத்தை நடத்தி வைப்பதில் நியாயம் இல்லை என்றார். மாஜிஸ்திரேட்டைப் பொறிக்குச் சாட்சியாக அழைத்துப் போனதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

இதை எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “உங்க உச்ச நீதிமன்றம் பரிமேலழகரைப் படிக்கலைங்க.” தெரிந்து தெளிதல் அதிகாரத்தின் முதல் குறளில் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கால் ஒருவனை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கச் சொல்கிறார் வள்ளுவர். உரையாசிரியர் பரிமேலழகர் அதை விரிக்கும்போது, அரசனே ஆள் அனுப்பி, ஆசை காட்டிப் பார்க்கும் சூழ்ச்சிகளாக விரிக்கிறார். அரசனே பணம் கொடுத்துப் பார்க்கும் பொறிதான். தமிழாசிரியர் அதோடு நிறுத்தவில்லை. “சிவன் மட்டும் என்ன செஞ்சாரு? இயற்பகையார்கிட்ட மனைவியைக் கேட்டாரு, சிறுத்தொண்டர்கிட்ட பிள்ளையைக் கேட்டாரு. அது பொறி இல்லையா, குமாஸ்தா?”

பொறிதான். ஆனால் சிவன் கடைசியில் காட்சி கொடுத்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். பொறியில் விழுந்த குமாஸ்தாவுக்கும் சர்வேயருக்கும் யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. திருப்பிக் கொடுக்க முடியாதவனுக்கு ஆசை காட்டிச் சோதிக்கும் உரிமை கிடையாது என்பது என் கட்சி. சுந்தரர் செய்தது வேறு. அவர் புதிதாக எதையும் நுழைக்கவில்லை. வாங்கிய பொன்னில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, வந்ததும் அதுவும் ஒன்றா என்று பார்த்தார். எங்கள் செராமிக் சூளைகளில் பாண்டங்களோடு ‘கோன்’ வைப்பார்கள். அதே சூட்டை அதுவும் தாங்கி, சரியான சூட்டில் வளைந்து கொடுக்கும். சோதனை அப்படி இருந்தால் எனக்குச் சம்மதம்.

அதற்காக லஞ்சத்தை விட்டுவிட முடியுமா என்று கேட்பீர்கள். ஒரு நகல் வாங்க மனுப் போட்டுவிட்டு, மாமூல் வைக்காதவன் அலைவதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் நான். செய்யக்கூடாததைச் செய்யத்தான் காசு என்பதில்லை, செய்ய வேண்டியதைச் சீக்கிரம் செய்யவும் காசு. இந்த விரைவுக் காசைப் பற்றி அரசாங்க அறிக்கை ஒன்றிலேயே எழுதிவைத்தவர் சந்தானம்தான். 1962இல் உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அமைத்த ஊழல் தடுப்புக் குழுவுக்கு அவர் தலைவர். முழு அறிக்கை 1964 மார்ச்சில் வந்தது; அதற்குள்ளேயே, பிப்ரவரியில், அவர் குழு சொன்னதை ஒட்டி மத்திய விஜிலன்ஸ் கமிஷன் பிறந்துவிட்டது. முதல் ஆணையர் நிட்டூர் சீனிவாச ராவ். அந்தக் கமிஷனுக்குச் சட்ட அந்தஸ்து கிடைக்க 2003 ஆயிற்று.

ஆசிரியருக்கு இதிலும் குறை. மனம் மாசில்லாமல் இருப்பதே அறம், மற்றதெல்லாம் ஆரவாரம் என்று சொன்ன வள்ளுவர் ஊரில், கமிஷனுக்குப் பயந்து வாங்காமல் இருப்பவனை நேர்மையானவன் என்று எப்படிச் சொல்வது? பயம்தானே கயவரின் ஒழுக்கம்! அவருக்குப் பொற்கைப் பாண்டியன்தான் பிடிக்கும். யாரும் பார்க்காத இரவில் தட்டிய கதவுக்காகத் தன் கையையே வெட்டிக்கொண்டவன். நானும் அவனைக் கும்பிடுகிறேன். ஆனால் பாண்டியன் மனம் வெளுப்பதற்காகப் பட்டா மாறுதலுக்கு வந்த கிழவி காத்திருக்க முடியாது. வாங்குகிறவன் பயத்தால் வாங்காவிட்டாலும் அவளுக்கு இருநூறு ரூபாய் மிச்சம். அவன் ஆத்துமாவை அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

சந்தானம் குழு சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது நடக்காமல் போனதுதான். அமைச்சர் மேல் பத்து எம்.பி.க்களோ எம்.எல்.ஏ.க்களோ எழுத்தில் குற்றம் சாட்டினால், பிரதமரோ முதல்வரோ அதை ஒரு தேசியப் பட்டியலிலிருந்து எடுத்த குழுவின் விசாரணைக்கு அனுப்பக் கடமைப்பட்டவர் என்றது அறிக்கை. விஜிலன்ஸ் கமிஷனின் பார்வை அதிகாரிகளோடு நின்றது. அமைச்சர் அதில் இல்லை. ஓர் அமைச்சர் சிறைக்குப் போவதை ஆளுநர் நாற்காலியிலிருந்து பார்த்தவர், உரைகல் மேலேயும் போக வேண்டும் என்று எழுதியதில் எனக்கு வியப்பில்லை. பரிமேலழகரில் அரசன் அமைச்சனைச் சோதிக்கிறான். அரசனைச் சோதிக்க ஆளில்லை. சுந்தரர் கதையில்தான் கீழே இருப்பவன் மேலே இருப்பவனை உரைத்துப் பார்க்கிறான், மேலே இருப்பவனும் கோபித்துக்கொள்ளாமல் மாற்றைச் சரிசெய்து தருகிறான். மேலிருப்பவர்களுக்கான லோக்பால் மசோதா 1968இல் முதன்முதலாக வந்தது, நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2013இல்தான். சந்தானம் 1980லேயே போய்விட்டார்.

“சரி, அந்தப் பத்து எம்.எல்.ஏ.க்களை யாருங்க உரைச்சுப் பார்க்கறது?” என்று ஆசிரியர் கேட்டார். ஓட்டுப் போட்ட நம்மதான் என்றேன். போன தேர்தலில் நம் தெருவில் என்ன கொடுத்தார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வாதம் அந்த இடத்தில்தான் இன்னும் நிற்கிறது.