காளானும் மனசாட்சியும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் நான் ஒரு குற்றம் செய்தேன். அதனால் ஒருவருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. நேரவில்லை என்பதாலேயே அதைக் குற்றம் என்று சொல்லலாமா, கூடாதா என்ற கேள்வி ஒரு வருஷமாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. விஷயத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். காட்டில் காளான் பறித்து வந்து வீட்டில் சமைக்கச் சொன்னேன்; அவ்வளவுதான்.

என் சொந்த ஊர் தென்காசிச் சீமையில், மலையை ஒட்டி இருக்கிறது. குடும்பத்தோடு அங்கே போயிருந்த சமயம், இடியும் மின்னலுமாக இரண்டு நாள் மழை கொட்டித் தீர்த்தது. மூன்றாம் நாள் காலையில் பையனைக் கூட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறினேன். புதர்க்காட்டில் ஒரு பழைய கறையான் புற்று. அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று காளான்கள். எனக்குச் சின்ன வயசு திரும்பிவிட்டது போலிருந்தது. தோளில் கிடந்த துண்டை விரித்துப் பறித்துப் போட்டேன். "அப்பா, இதெல்லாம் தின்னலாம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பையன் கண்களை விரித்துக் கேட்டான். பட்டணத்தில் நான் எழுதிக் குவித்த எதுவும் அவன் முகத்தில் அந்த வியப்பை வரவழைத்ததில்லை.

அந்த நிமிஷத்தில்தான் புற்றுக்கு ஏழெட்டு அடி தள்ளி, ஒரு மரத்தடியில் இன்னும் மூன்று காளான்களைப் பார்த்தேன். நிறம் ஏறக்குறைய அதேதான். பிடுங்கியபோது அடி குட்டையாக, உருண்டையாக இருந்தது. புற்றுக் காளானுக்கு இருக்க வேண்டிய நீண்ட வேர் இல்லை. எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் துண்டில் போட்டுக்கொண்டேன். பையன் பார்த்துக்கொண்டிருந்தான், கீழே போட்டால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால், மற்றவற்றைப் பற்றியும் எனக்கு எவ்வளவு தெரியும் என்ற கேள்வி வரும். இத்தனையும் ஒரு கணத்தில் மனசுக்குள் ஓடியது. வீட்டில் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கினார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். அன்றிரவு நான் தூங்கவில்லை. குழந்தைகள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

எனக்குக் காளான் காட்டியவள் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஓர் ஆச்சி. அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. மழை விட்டதும் ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவாள். நாங்கள் நாலைந்து பையன்கள் பின்னாலேயே போவோம். காளானை அவள் வெடுக்கென்று கிள்ளமாட்டாள். தண்டை ஒட்டி விரலை மண்ணுக்குள் விட்டு, வேர் எவ்வளவு தூரம் போகிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டே எடுப்பாள். அந்த வேர் சாண் கணக்கில் கீழே இறங்கிப் புற்றுக்குள் போகும். வேரின் அர்த்தத்தை நான் புத்தகத்தில் படித்தது எத்தனையோ வருஷம் கழித்து. கறையான்கள் சருகையும் மரத்தையும் மென்று உள்ளே பாத்தி கட்டி, பூஞ்சணத்தைப் பயிர் செய்கின்றனவாம். அந்தப் பயிர் மழையில் வெளியே தலைநீட்டும்போதுதான் நமக்குக் காளான். மொட்டுக் காளானையும் சிப்பிக் காளானையும் மனிதன் கொட்டகையில் வளர்த்துக் கடைக்கு அனுப்புகிறான். இந்தப் புற்றுக் காளானைச் சந்தைக்கு விளைவிக்கும் வித்தை இன்னும் கறையானிடம்தான் இருக்கிறது.

ஒருநாள் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் பெட்டி நிறையக் காளானோடு ஆச்சியிடம் வந்தார். அவள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், பெட்டியிலேயே போட்டாள்.

"எனக்குத் தெரியாதுப்பா."

"நல்லாத்தானே இருக்கு ஆச்சி. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துத்தான் சொல்லுதேன். தெரியாது."

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். விஷம் என்று சொல்லியிருந்தாலாவது அவருக்குச் சமாதானமாகியிருக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை, அதுவும் அவளுக்குத் தெரியாது என்பதால். அன்று அவள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதும் எனக்குச் சந்தேகம். பழைய தமிழில் காளானுக்கு ஆம்பி என்று பெயர். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையைச் சொல்லும்போது, சமையலையே மறந்த அடுப்பில் ஆம்பி பூத்துக்கிடப்பதைத்தான் சொல்கிறார். நம் முன்னோர்களுக்கு ஆம்பி பசியின் அடையாளமாகவும் இருந்திருக்கிறது. பசித்தவன் ஒருவன் "தெரியாது" என்று சொல்லிக் கையை எடுத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

காளானில் ஏன் இத்தனை எச்சரிக்கை என்று கேட்கலாம். மற்ற உணவுகளில் நாக்கு நம்மைக் காப்பாற்றுகிறது. கசந்தால் துப்புகிறோம், அழுகினால் மூக்கு சொல்லிவிடுகிறது. காளான் விஷயத்தில் இந்தக் காவல்காரர்கள் தூங்கிவிடுகிறார்கள். ஐரோப்பாவில் 'மரணத் தொப்பி' என்று பெயர் பெற்ற ஒரு காளான் உண்டு. அதைத் தின்று பிழைத்தவர்கள் ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். வேகவைத்தாலும் விஷம் போகாது. தின்று ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அதுவும் அடங்கி, ஆள் தேறிவிட்டது போல ஒரு நாள் கழியும். அதற்குள் கல்லீரல் கெட்டுப்போயிருக்கும். வெள்ளிக்காசு போட்டால் கறுக்கும், பூண்டு போட்டால் நிறம் மாறும், புழு கடித்திருந்தால் பயமில்லை என்பதெல்லாம் பல தேசங்களில் பரவியிருக்கும் பரீட்சைகள். எல்லாமே பொய். நத்தை சுகமாகத் தின்றுவிட்டுப் போகும் காளான் மனிதனைக் கொன்றுவிடும்.

ஆகவே மிஞ்சுவது இன்னொரு மனிதனின் வார்த்தை ஒன்றுதான். நியாய சாஸ்திரக்காரர்கள் ஆப்தனின் வாக்கையும் ஒரு பிரமாணமாக வைத்தார்கள். யார் ஆப்தன் என்பதற்கு வாத்ஸ்யாயனர், விஷயத்தை நேரே அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன் என்று இலக்கணம் சொல்லி, ரிஷியானாலும் மிலேச்சனானாலும் இந்த இலக்கணம் பொருந்தும் என்று சேர்த்திருக்கிறார். அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஆச்சியின் ஞாபகம்தான் வந்தது. இலக்கணத்தின் பின்பாதியைக் கவனியுங்கள். அறிந்தபடியே சொல்வது என்றால், அறிவு முடிகிற இடத்தில் பேச்சும் முடிய வேண்டும். என்னிடம் முன்பாதி கொஞ்சம் இருந்தது. பின்பாதி இல்லை.

இந்தப் பின்பாதி இல்லாமல் செத்துப்போனவர்களில் ஒருவர் சங்கீத வித்வான். யோஹான் ஷோபெர்ட் என்று பெயர், பாரிஸில் இருந்தார், சிறுவன் மோட்ஸார்ட் அவருடைய இசையிலிருந்து பாடம் கற்றான். 1767-ல் குடும்பத்தோடு ஊருக்கு வெளியே போய்க் காளான் பறித்தார். அங்கே ஒரு சமையற்காரனிடம் கொடுத்தார். விஷக்காளான், சமைக்கமாட்டேன் என்றான். இன்னோர் உணவு விடுதிக்குக் கொண்டுபோனார், அங்கேயும் நடக்கவில்லை. அவரோடு பழகிய ஒரு டாக்டர் மட்டும் தின்னலாம் என்றார். வீட்டுக்கு வந்து சூப் வைத்துச் சாப்பிட்டார்கள். ஷோபெர்ட், மனைவி, ஒரு குழந்தை தவிர மற்றக் குழந்தைகள், அந்த டாக்டர் எல்லோரும் இறந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, டாக்டர் ஒரு மடையன் என்று தீர்ப்புச் சொல்வது சுலபம். என் மனம் டாக்டரிடம் போகவில்லை. வேண்டிய பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே போன ஷோபெர்ட்டிடம்தான் போயிற்று. அவர் கேட்காமல் இருக்கவில்லை. இரண்டு மூன்று பேரிடம் கேட்டிருக்கிறார். பார்க்கிறவனுக்கு ஜாக்கிரதையான மனிதர் என்றுகூடத் தோன்றும். அவர் தேடியது உண்மையை அல்ல, தமக்கு இசைந்த சாட்சியை. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க மூன்று ஜோஸ்யர்களிடம் போகிறவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். நான் அவரைவிட ஒருபடி மேலே போனவன், கேட்கவே இல்லை.

அனுபவம் இருந்தால் போதாதா என்று சொல்வீர்கள். ஜூலியஸ் ஷேஃபர் என்ற ஜெர்மானியர் காளான் ஆராய்ச்சியில் பெரிய பெயர் எடுத்தவர். தின்னத்தக்கது என்று அந்நாளில் மக்கள் நம்பியிருந்த பாக்ஸில்லஸ் என்ற காளானைத் தின்று 1944-ல் இறந்தார். அந்தக் காளானின் சூது விசித்திரமானது. பலமுறை தின்றும் ஒன்றும் செய்யாமல் இருக்கும். தின்னத் தின்ன உடம்பு அதற்கு எதிராகத் தயாராகிக்கொண்டே வந்து, ஒருநாள் தன் ரத்தத்தின் சிவப்பு அணுக்களைத் தானே அழிக்கத் தொடங்கிவிடும். "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் அங்கே அடியோடு விழுந்துபோகிறது. ஒன்றும் ஆகாத அந்த நாட்களேதான் ஆபத்தைச் சேர்த்துவைத்தவை.

அறிவு உண்மையாக இருந்தும் இடம் மாறினால் பொய்யாகிவிடுவதும் உண்டு. மரணத் தொப்பியின் இளமொட்டு, கிழக்காசியாவில் விரும்பித் தின்னும் வைக்கோல் காளானைப் போலவே இருக்கும். ஐரோப்பிய ஓக் மரங்களோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய அந்த விஷம், 2011-ஆம் வருஷத்தின் கடைசி இரவு விருந்தில், கான்பெராவில் சீனாவிலிருந்து வந்திருந்த ஒரு சமையற்காரரையும் அவரோடு சாப்பிட்ட ஒரு பெண்ணையும் கொன்றது. இதை ஷோபெர்ட்டின் தப்போடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள். அவர்களைப் பார்த்து "ஏன் பறித்தீர்கள்?" என்று கேட்க எனக்கு வாய் கிடையாது. நான் பறித்தது பசிக்காக அல்ல.

இப்போது சுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாவா நகரத்துக் கொல்லன். புத்தருக்குக் கடைசி விருந்து படைத்தவன் அவன். அவன் வைத்த பண்டத்தின் பாலிப் பெயருக்குப் பன்றிக்கறி என்று சிலரும், காளான் என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள். அந்தச் சண்டை அறிஞர்களோடு கிடக்கட்டும். புத்தர் அதைத் தமக்கு மட்டும் பரிமாறச் சொன்னார். மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். பிறகு கடுமையான நோய் கண்டது. மரணத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அந்த நிலையிலும், சுந்தன் மனம் வருந்தலாகாது, அவன் அளித்தது புண்ணியமான உணவு என்று போய்ச் சொல்லும்படி ஆனந்தரிடம் பணித்தார்.

சுந்தன் கையால் ஒரு மகான் நோயில் விழுந்தார்; ஆயினும் அவன் மேல் குற்றமில்லை, ஏனென்றால் அவன் தனக்குத் தெரிந்ததில் எதையும் மறைக்கவில்லை. என் கையால் ஒருவருக்கும் தலைவலிகூட வரவில்லை. எனக்கு ஆனந்தரை யார் அனுப்புவது? பலனை வைத்துத்தான் குற்றம் என்றால், நான் நிரபராதி. அந்த மூன்று காளான்களும் நல்ல காளான்களாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் அவை நல்லவையாக இருந்தது என் நல்ல குணத்தால் அல்லவே. துண்டில் போட்ட அந்தக் கணத்தில் நானும் ஷோபெர்ட்டும் ஒரே மனிதர்கள். அவருக்குக் கிடைத்தது ஒரு காளான், எனக்குக் கிடைத்தது வேறொன்று. நடுவில் இருந்த வித்தியாசம் மண்ணுக்குள் இருந்தது, என்னிடம் இல்லை. என் மனைவியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. "இப்பத்தான் ஒண்ணும் ஆகலையே" என்று அவள் மன்னித்துவிடுவாள் என்பதுதான் எனக்குப் பயம்.

இந்த வருஷமும் ஊருக்குப் போனோம். மழை விட்ட காலையில் பையனே துண்டை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். போனோம். அதே புற்று. ஒவ்வொன்றாக வேரைத் தடவிப் பார்த்து எடுத்தேன். அவனையும் தடவச் சொன்னேன். திரும்புகிற வழியில் அவன் மரத்தடியில் குனிந்து, "இதுப்பா?" என்று கேட்டான். உருண்டை அடி, வேர் இல்லை.

"தெரியாதுடா," என்றேன்.

அவன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"போன வருஷம் இதையும்தானே எடுத்தோம்?"

இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.