பழகிப்போன நோவு

ஹட்டன், நுவரெலியா மலைச்சரிவுகளிற் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் முழங்கால் வலிக்கின்றதா என வினவினால், "பழகிப் போச்சுங்க" என்னும் விடை கிடைப்பதுண்டு. அவளை வேலைவாங்கும் கணக்கப்பிள்ளையும் அதையே கூறுவார்: "அவர்களுக்குப் பழகிவிட்டது." சொல் ஒன்றே. ஆயின் முன்னது சகிப்பவளின் கூற்று; பின்னது பொறுப்பைக் கைகழுவுபவரின் கூற்று.

நோவுக்குப் பழகுதற்கு உடலில் ஆதாரமுண்டா? அபினிலிருந்து பெறப்படும் மோபீன் சென்று பற்றும் வாங்கிகள் மூளையில் உள்ளமை 1973இல் நிறுவப்பட்டது. எங்கோ விளையும் செடியொன்றின் சாற்றுக்காக மூளை இடம் ஒதுக்கி வைத்திருக்குமா? உடலே அத்தகைய பொருளை ஆக்குகின்றது என்பது விரைவில் தெளிவாயிற்று. 1975இல் அபடீன் நகரில் ஜோன் ஹியூசும் ஹான்ஸ் கொஸ்டர்லிற்சும் பன்றி மூளைகளிலிருந்து, ஐந்து அமினோ அமிலங்களே கொண்ட இரு பெப்டைட்டுகளைப் பிரித்தறிந்து என்கெபலின் எனப் பெயரிட்டனர். அவற்றைக் கண்டுகொண்ட முறை சிந்தனைக்குரியது. மின்தூண்டலாற் சுருங்கும் கினிப்பன்றிக் குடற்றுண்டின்மீது மூளைச்சாறு பட்டதும், மோபீன் பட்டாற்போலச் சுருக்கம் தணிந்தது. மோபீனை முறிக்கும் நலோக்சோனை இட்டதும் மீண்டது. 1978இல், போலி மருந்தினாலேயே ஆறுதலடைந்த பல் நோயாளருக்கு நலோக்சோன் செலுத்தப்பட்டபோது அவர்களது நோவு மிகுந்தது. உடல் மறைவில் ஆற்றிவந்த உதவி, அது தடுக்கப்பட்ட பின்னரே புலப்பட்டது.

ஆகவே, கொழுந்து பறிப்பவள் பொய்யுரைக்கவில்லை. அவளது நோவு மெய்யாகவே தணிந்திருக்கலாம். நோவு குறைந்தாற் தீங்கும் குறைந்ததன்றோ எனக் கணக்கப்பிள்ளை கேட்கக்கூடும். அவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும், தணிந்தது நோவு மட்டுமே. தேய்ந்த மூட்டு தேய்ந்ததே. தலையிற் கூடைக்கயிறு அழுத்த, இடுப்பிற் படங்கு கட்டி, அட்டை கடிக்க ஈரச்சரிவேறும் உடல், அன்றைய பொழுதைக் கடத்தத் தன்னிடமே கடன்படுகின்றது. அக்கடனைத் தோட்டம் தன் வரவிற் சேர்த்துக்கொள்கின்றது. (மாலையிற் கொழுந்து நிறுக்கும் தராசில் இது ஏறுவதில்லை.)

இப் பெப்டைட்டுகளை மூளைமுண்ணாண் பாய்பொருளில் அளக்கும் முறைகள் இன்று உள. அளவு கூடியிருப்பின், அது நோவு பெரிதென்பதற்குச் சான்றா, நோவு அடங்கியதென்பதற்குச் சான்றா? எண் அதைச் சொல்லாது, அவள்தான் சொல்லவேண்டும். அதற்குத் தோட்ட மருந்தகத்தில், "பழகிப் போச்சுங்க" என்றதும் அடுத்தவரை அழைத்துவிடாமல், ஏறும்போதா இறங்கும்போதா, எத்தனை காலமாக, இரவில் உறக்கம் வருகின்றதா எனக் கேட்க ஒருவர் வேண்டும். அவள் சொல்லி முடிக்கும்வரை இருக்கவும் வேண்டும்.