நாவினால் உரிக்கும் தோல்

அருகன் திருவடி வாழ்க!



இல்லறத்தார்க்கு ஆகமம் வகுத்த விரதங்கள் பன்னிரண்டு. அவற்றுள் அணுவிரதம் ஐந்தையும் நம் இல்லத்துச் சிறுவரும் தடையின்றி ஒப்புவிப்பர். ஆனால், குணவிரதங்களுள் ஒன்றாகிய அனர்த்த தண்ட விரதம் யாது எனக் கேட்டால் பெரியோரிலும் பலர் சற்றே தயங்குவதைக் காண்கிறோம். இவ்வறவுரை அவ்விரதத்தைப் பற்றியது. குறிப்பாக, அவ்விரதம் நம் நாவில் நாள்தோறும் எங்ஙனம் முறிகின்றது என்பதைப் பற்றியது.

அர்த்தம் என்பது பயன்; தண்டம் என்பது தீங்கு. இல்லறத்தான் உழவேண்டும், சமைக்கவேண்டும், வீடு கட்டவேண்டும். அவற்றில் சிற்றுயிர்களுக்குத் தீங்கு நேரினும் அதற்கொரு பயன் உண்டு. வழியிற் செல்பவன் காரணமின்றிச் செடியின் தளிரைக் கிள்ளி எறிகிறான். குழாயைத் திறந்துவிட்டு நீரை வீணே ஓடவிடுகிறான். தீங்கு நேர்ந்தது; பயன் ஏதும் விளையவில்லை. இதுவே அனர்த்த தண்டம்.

இவ்விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஆசாரியர் உமாசுவாமி தொகுத்துரைத்தார். முதலாவது கந்தர்ப்பம், இச்சை கலந்த இழிந்த கேலிப்பேச்சு. இரண்டாவது கௌத்குச்யம், அப்பேச்சோடு முகத்தாலும் கைகால்களாலும் புரியும் சேட்டை. மூன்றாவது மௌகர்யம்; வரம்பின்றிப் பிதற்றுதல். எஞ்சிய இரண்டும் ஆராயாது செயல் புரிதலும், தேவைக்கு மிஞ்சித் துய்ப்புப் பொருளைச் சேர்த்தலுமாம். ஐந்தனுள் மூன்று வாயைச் சார்ந்தவை என்பதை உற்று நோக்குங்கள். பயனற்ற தீங்கு எங்கே மிகுதியாக விளைகின்றது என்பதை ஆசாரியர் நன்கு அறிந்திருந்தார்.

தோல் பதனிடும் நிலத்தில்

பாலாற்றுப் படுகையில் இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் கொண்டு தோல் பதனிட்ட காலம் தொட்டு, குரோமிய உப்பு வந்த பின்னரும், இவ்வட்டாரத்தில் இலட்சக்கணக்கானோர்க்கு அதுவே பிழைப்பு. இதே நிலத்தில்தான் நம் முன்னோரும் வாழ்ந்தனர். வள்ளிமலைக் குகைகளிலும், விளாப்பாக்கம் பஞ்சபாண்டவர் மலையிலும், ஆம்பூர்ப் பக்கத்து மலையாம்பட்டில் உள்ள ஆர்மாமலை ஓவியங்களிலும் அவர்தம் சுவடுகளை இன்றும் காணலாம். அவ்வழி வந்த நாம் தோல் வாணிகத்தைக் கைக்கொள்வதில்லை. தோற்பொருளை ஜினாலயத்தின் உள்ளே கொண்டு செல்வதில்லை. இடுப்பு வாரையும் பணப்பையையும் வாயிலிலேயே வைத்துவிட்டுச் செல்கிறோம். நன்று.

ஆனால், அதே வீட்டில், பாடம் எழுதாத பிள்ளையை நோக்கி, "தோலை உரிச்சிடுவேன்" என்று தாய் கூறுகிறாள். "உரிச்சித் தொங்க விட்டுடுவேன்" என்று தந்தை முடிக்கிறார். இடுப்பில் இருந்த தோலை வாயிலில் கழற்றி வைத்தோம். நாவில் இருப்பதைக் கழற்றினோமா?

தோல் மண்டியில் உழைப்பவர் கூலிக்காக உழைக்கிறார். சுண்ணாம்புத் தொட்டியின் நெடியைத் தாங்கிக்கொண்டு தம் மக்களைப் படிக்க வைக்கிறார். அத்தொழிலிலும் வினைக்கட்டு உண்டென்பதே நம் கொள்கை. ஆயினும் அவர் தம் செயலுக்கு ஒரு பயன் கூற இயலும். அது அர்த்த தண்டம். நாம் நாவினால் உரிக்கும் தோலுக்கு என்ன பயன் கூறப்போகிறோம்? அதனால் ஒரு செருப்பும் ஆவதில்லை. ஒருவர் பசியும் தீர்வதில்லை. ஆகவே, தொழிலைக் காட்டி அவரை இகழ நமக்கு உரிமை இல்லை. பிறர் தொழிலின் பெயரையும் குலத்தின் பெயரையும் வசையாக வழங்குவது கொடுமையினும் கொடுமை. பிறர் நம்மை அழைத்த 'அமணர்' என்னும் பெயரே தேய்ந்து திரிந்து ஆடையின்மையைக் குறிக்கும் 'அம்மணம்' ஆயிற்று என்று அறிஞர் சிலர் கருதுவர். தவத்தின் அடையாளமே ஏளனச் சொல்லாக மாறும் வேதனையை, எவரினும் நாம் உணரவேண்டும்.

கத்தியும் இரம்பமும்

இற்றை நாளில் நம் வீடுகளில் வழங்கும் தொடர்களைச் சற்றே செவிமடுத்துக் கேளுங்கள். குழந்தை இரண்டாம் முறை வினவினால் "உயிரை வாங்காதே". ஒருவர் பேச்சு நீண்டால் "அறுவை", "ரம்பம்", "பிளேடு", "கழுத்தறுப்பு". போட்டியாளனை வெல்லவேண்டுமாயின் "போட்டுத் தள்ளு". இவை யாவும் வெகுளியிலும் சலிப்பிலும் பிறந்தவை என்று கொள்வோம். பாராட்டும்போதேனும் நாவு மென்மையடைகிறதா? பிள்ளை மேடையில் நன்கு பாடினால் "கொன்னுட்டான்" என்கிறோம். அண்மைக் காலத்தில் திரைப்படம் பரப்பிய "மரண மாஸ்" என்னும் தொடர் பள்ளிச் சிறுவர் வாயில் புகழ்மொழியாகவே நிலைத்துவிட்டது.

மரணம் என்னும் சொல் நமக்கு எத்தகையது? அறியாமையில் நேரும் சாவைப் பால மரணம் என்றும், அறிவோடும் அமைதியோடும் ஏற்பதைப் பண்டித மரணம் என்றும் நம் நூல்கள் பிரித்துக் காட்டின. வாழ்நாள் முழுதும் நோற்கும் விரதங்களின் முடிமணியே சல்லேகனை. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு இன்றும் உள்ளது. அக்குன்றை வணங்கித் திரும்பும் நாமே அச்சொல்லை விளையாட்டுச் சொல்லாக வழங்கலாமா?

பீடத்தில் இருப்பவை

இனி, பிள்ளைகளைத் திட்டும் பெயர்களைக் காண்போம். "எருமை", "பன்றி", "குரங்கு". இம்மூன்றும் இல்லாத வீடு அரிது. அடுத்த முறை ஜினாலயம் செல்லுங்கால் தீர்த்தங்கரர்களின் பீடங்களைக் கூர்ந்து நோக்குங்கள். பன்னிரண்டாம் தீர்த்தங்கரர் வாசுபூஜ்யரின் இலாஞ்சனம் எருமை. பதின்மூன்றாமவர் விமலநாதரின் இலாஞ்சனம் பன்றி. நான்காமவர் அபிநந்தனரின் இலாஞ்சனம் குரங்கு. காலையில் கைகூப்பித் தொழுத பீடத்தில் எதைக் கண்டோமோ, மாலையில் அதையே வசையாக்குகிறோம்.

நாய் எந்தத் தீர்த்தங்கரர்க்கும் இலாஞ்சனம் அன்று; ஆதலின் "நாயே" எனலாமோ? திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியை நினைவுகூருங்கள். அடிபட்டு உயிர் பிரியும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னாளில் கட்டியங்காரனின் கொலை ஆணையினின்று அவனைக் காத்தது. நாயின் செவியில் நல்லுரை பெய்தவன் கதையைப் போற்றும் மரபில் வந்த நாம், மகவின் செவியில் நாயின் பெயரை வசையாகப் பெய்கிறோம்.

"மனத்தில் ஒன்றுமில்லை" என்பார்க்கு

"இவை வெறும் பேச்சு, மனத்தில் கொலை எண்ணம் ஏதுமில்லை" என்று சிலர் கூறுவர். இதற்கு ஆகமம் இரு வழியில் விடை தருகின்றது.

மனத்தில் எண்ணம் இருந்ததாயின், அதுவே பாவ ஹிம்சை. யசோதர காவியத்தில் அரசன் பலியிட்டது உயிருள்ள கோழி அன்று. மாவினாற் செய்த கோழி. குருதி சிந்தவில்லை; ஆயினும் கொல்லும் எண்ணம் இருந்தது. அதன் பயனாக அரசனும், அவனைத் தூண்டிய தாயும் மயிலாகவும் நாயாகவும் பிறந்து, பிறவிதோறும் அல்லலுற்றனர். கடுஞ்சொல்லும் ஒரு மாக்கோழியே.

மனத்தில் எண்ணமே இல்லையாயின், அதற்குப் பெயர் பிரமாதம், அதாவது விழிப்பின்மை. பிரமாதத்தின் வயப்பட்டு உயிர்க்கு ஊறு செய்தலே ஹிம்சை என்று உமாசுவாமி வரையறுத்தார். எனவே "நினைக்காமல் சொல்லிவிட்டேன்" என்பது விடுதலை தரும் வாக்குமூலம் ஆகாது. குற்றம் இன்னதென்று தாமே ஒப்புக்கொள்வதாகும். சத்திய விரதத்தைக் காக்கும் பாவனைகளாக வெகுளியை, பேராசையை, அச்சத்தை, நகையாட்டை விடுதல் ஆகிய நான்கையும் கூறி, ஐந்தாவதாக ஆராய்ந்து பேசுதலை வைத்ததும் இதனால் அன்றோ?

எல்லாச் சொல்லும் தீதோ?

இளைஞர்களின் வழக்குச்சொற்கள் யாவற்றையும் வெறுக்கவேண்டும் என்று எவரும் பொருள் கொள்ளற்க. பகவான் மகாவீரர் மக்கள் பேசிய மொழியிலேயே அறம் உரைத்தார். நம் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலில், மரூஉ மொழியையும், ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் குழூஉக்குறியையும் வழக்காகவே ஏற்றுக்கொண்டார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டினர். அவ்வாறே கல்லூரி மாணவர் தமக்குள் "மச்சி" என்று அழைத்துக் கொள்வதாலும், "செம" என்று வியப்பதாலும் எவ்வுயிர்க்கும் ஊறு நேர்வதில்லை. காதிற்கு இனிமை குன்றலாம், விரதம் குன்றாது.

ஆனால் அம்முனிவரே இடக்கரடக்கலையும் மங்கலத்தையும் உடன் வைத்தார் என்பதை மறத்தலாகாது. செத்தாரைத் 'துஞ்சினார்' என்பது மங்கல வழக்கு. சாவையும் மென்மையாகக் கூறக் கற்பித்த மொழியில், வாழ்வையும் வெற்றியையும் சாவின் பெயரால் கூறுவது தலைகீழ் அன்றோ?

மற்றொரு வகையும் உண்டு. அவை வன்மை அற்றவை. ஆனால் தேய்ந்து பொருளிழந்தவை. வாக்கியந்தோறும் "சத்தியமா" என்பவர், அச்சொல் இடாத தம் பிற வாக்கியங்களை எதில் சேர்ப்பார்? "இரண்டொரு வார்த்தை கூறி அமர்கிறேன்" என்று தொடங்கி ஒரு நாழிகை பேசுவோரை நம் விழா மேடைகளிலும் காண்கிறோம். தசலக்ஷணப் பர்வத்தின் நிறைவில் "உத்தம க்ஷமா" என்னும் ஒரே செய்தியைக் கைப்பேசியில் நூறு பேர்க்கு ஒருங்கே அனுப்பிவிட்டு, பேச்சறுந்த உடன்பிறப்பின் வாயிலை மட்டும் மிதியாதிருப்போரும் உளர். மன்னிப்பும் தேய்ந்த சொல்லானால், எஞ்சுவது யாது?

பாலாறு கற்பிக்கும் பாடம்

பாலாறு ஒரு நாளில் கெடவில்லை. "என் ஒரு மண்டியின் கழிவு இவ்வளவு பெரிய ஆற்றை என்ன செய்யும்?" என்று ஒவ்வொருவரும் எண்ணினர். கழிவு நிலத்தடி நீரில் இறங்கியது, கிணறுகள் கெட்டன, விளைநிலங்கள் பாழாயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு நேருமுன் தடுக்கவேண்டும் என்பதும், மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்பதும் நாட்டின் சட்டமே என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. நீதிமன்றம் கூறிய இவ்விரண்டும் நமக்குப் புதியவை அல்ல. வினை புகுமுன் தடுத்தல் ஸம்வரம். செய்த வினையைச் செய்தவனே துய்த்துத் தீர்த்தல் கரும நியதி.

இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமியத் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல், ஆலை மூடிய பின்னும் பல்லாண்டுகள் மண்ணிலும் நீரிலும் கசிந்துகொண்டிருந்தது. பெற்றோர் சினத்தில் கூறிய சொல்லும் அத்தகையதே. கூறியவர் மறந்துவிடுவார், கேட்ட பிள்ளையின் உள்ளத்தில் அது கசிந்துகொண்டே இருக்கும். பின்னொரு நாள் அப்பிள்ளை தன் பிள்ளையிடம் அதையே கூறும்.

நம் சமுதாயம் சிறியது. நம் பிள்ளைகள் பிற பிள்ளைகளோடு கலந்தே படிக்கின்றனர். "நாங்கள் கிழங்கு உண்பதில்லை, இரவில் உண்பதில்லை" என்று அவர்கள் தம் சமயத்தை விளக்குகின்றனர். அஹிம்சை தட்டில் மட்டும் இருந்து பேச்சில் இல்லையாயின், நாளடைவில் அவர்கள் அதனை வெறும் உணவுக் கட்டுப்பாடென்றே எண்ணிவிடுவர். ஊர் மாறினால் அதுவும் நழுவிவிடும். நாம் அஞ்சவேண்டியது இதற்கே.

செய்யத்தக்கது

குடும்பத்தார் ஒருங்கே அமர்ந்து, தம் வீட்டில் மிகுதியாக வழங்கும் தொடர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு திங்கள் அதனை மட்டும் விடுவதாக நியமம் கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவோம் என்பது விரதம் ஆகாது, அது ஆசை. உணவருந்தும் வேளையில் மௌனம் காக்கும் நம் பழைய வழக்கத்தை மீண்டும் கொணருங்கள். வாய்க்கு ஓய்வு கிடைத்தாலன்றி அது திருந்துவதில்லை. மாலைப் பிரதிக்கிரமணத்தின்போது, அன்று நாவு தவறிய இடங்களை எண்ணிப் பாருங்கள். ஆற்றோரம் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கழிவுநீர்க்குச் செய்வதை அது உள்ளத்திற்குச் செய்யும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. "எருமையே, கெட்ட வார்த்தை பேசாதே!" என்று பிள்ளையைத் திருத்தப் புகாதீர்கள். முதலில் திருந்தவேண்டிய நாவு எது என்பது பிள்ளைக்குத் தெரியும்.

கையினால் கொல்லாதவர் நாம், நாவினாலும் கொல்லாதிருப்போமாக. தோற்பொருளை வாயிலில் விடுவதுபோல், கடுஞ்சொல்லையும் பயனில் சொல்லையும் இல்லத்தின் வாயிலிலேயே விடுவோமாக.

எல்லா உயிரும் இன்புறுக! ஜினதருமம் ஓங்குக!