முந்நூறு மைலுக்கு அப்பால்

ஒரு கதையின் தொடக்கம் எழுத்தாளரின் கற்பனையைக் காட்டும். முடிவு அவரது அறத்தைக் காட்டும். எவருக்கு வாழ்வளித்தார், எவரைச் சாகவிட்டார், எவரை நினைக்கவே மறந்தார் என்னும் கணக்கெல்லாம் இறுதி ஏடுகளிலேதான் தீர்க்கப்படுகின்றன. பல பாகங்களாக வெளிவரும் நெடுங்கதைக்கு இது மேலும் பொருந்தும். ஆதலின், நம் மாணவ மாணவியர் நூலாகவும் திரைப்படமாகவும் விரும்பிச் சுவைத்த ஒரு காதற்கதைத் தொடரின் இறுதி நூலை எடுத்துக்கொண்டு, அதன் முடிவு எழுப்பும் வினாவொன்றை ஆராய்வது வீண்வேலை ஆகாது.

அமெரிக்க எழுத்தாளர் ஸ்ரெபனி மேயர் எழுதிய 'ருவைலைற்' தொடர் 2005 ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் நான்காம் நூலாகிய 'பிரேக்கிங் டோன்' 2008 ஓகஸ்ற் 2 ஆம் நாள் வெளிவந்தது. பெல்லா என்னும் மானிடப் பெண், எட்வேட் என்னும் இரத்தக் காட்டேரியைக் காதலிக்கிறாள். இறுதி நூலில் அவனை மணந்து, ஒரு பெண் மகவைப் பெற்று, உயிர் பிரியும் தறுவாயில் தானும் சாவற்றவளாக மாறுகிறாள். இத்தாலியில் வீற்றிருந்து காட்டேரிகளை ஆளும் வொல்ற்றூரி என்போர், அக்குழந்தையைத் தங்கள் சட்டத்துக்கு மாறானதெனக் கருதிப் படையெடுத்து வருகின்றனர். பெரும்போர் நிகழுமென்று எதிர்பார்த்திருக்க, வந்தவர்கள் திரும்பிச் செல்கின்றனர். காதலர் இருவரும் மகளோடு என்றென்றும் இன்பமாய் வாழ்கின்றனர்.

எட்வேட்டின் குடும்பத்தார் மனிதரைக் கொல்லாதவர். விலங்கின் குருதியால் பசி தணிப்பவர். வல்லமை இருந்தும் அதனை எளியோர்மீது செலுத்தாத இந்நோன்பே இளைஞர் மனத்தைக் கவர்கின்றது. அது கவரத்தக்கதே. தன் வேட்கையைத் தானே அடக்கும் வலியோன் எக்காலத்தும் போற்றத்தக்கவன்.

ஆனால், வொல்ற்றூரியை எதிர்கொள்ளச் சான்று சொல்வோர் வேண்டியிருந்தது. உலகின் பல மூலைகளிலிருந்தும் காட்டேரிகள் அழைக்கப்படுகின்றனர். வந்தோருட் பலர் மனிதக் குருதி குடிப்பவர். விருந்தினரைப் பட்டினி போடலாகுமோ? ஓர் ஏற்பாடு செய்யப்படுகிறது: வீட்டைச் சுற்றி 300 மைலுக்குள் எவரும் வேட்டையாடுவதில்லை. அதற்கு அப்பால் சென்று வருவதற்கு எட்வேட் தன் மோட்டார் வண்டிகளையும் கொடுத்துதவுகிறான். பெல்லாவின் நெஞ்சு உறுத்தாமல் இல்லை. எப்படியும் அவர்கள் உலகில் எங்கேனும் வேட்டையாடத்தானே போகிறார்கள் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். அத்தோடு கதை நகர்ந்துவிடுகிறது. அந்த எல்லைக்கு அப்பால் மாண்டவர் எத்தனை பேர், அவர்களுக்கும் குழந்தைகள் இருந்தனவா என்று இறுதி ஏடுவரை எவரும் கேட்பதில்லை. ஒரு குழந்தையைக் காப்பதற்காகத் திரட்டப்பட்ட கூட்டத்துக்கு உணவானோர் பெயரற்றவராகவே மறைகின்றனர்.

'மாயக்கதையில் இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?' என்று சிலர் வினவக்கூடும். மாயக்கதை என்பதாலேயே ஆராய்ச்சி தேவைப்படுகிறது. நடப்பியல் நாவலாசிரியரை உலகின் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. சாவையே நீக்கிவிட வல்ல கற்பனைக்கு அத்தகைய கட்டு எதுவுமில்லை. அத்துணை உரிமை இருந்தும் ஒரு கூட்டத்தாரின் சாவு அங்கே பொருட்படுத்தப்படாமற் போயிற்றெனின், அது கதையின் கட்டாயத்தால் நேர்ந்ததன்று. கண் படாமையால் நேர்ந்தது.

பெல்லாவின் சமாதானத்தையும் நிறுத்துப் பார்ப்போம். அவள் சொல்வதில் பாதி உண்மை. அழைப்பு வராவிடினும் அவர்கள் கொன்றிருப்பர். சாவின் தொகை கூடவில்லை. ஆயினும் அழைப்புக்கு முன் அவள் அக்கொலைக்கு அயலாள். அழைத்தபின் அதனாற் பயன் பெறுபவள். தீமையைத் தடுக்க இயலாதிருத்தல் வேறு. அதன் பயனை உண்டுகொண்டு, அது என் முற்றத்தில் நிகழவில்லை என்று அமைதி கொள்ளுதல் வேறு. முன்னது இயலாமை, பின்னது பங்குடைமை. தொலைவு நம் கண்ணை மறைக்கலாம்; பங்கைக் குறைப்பதில்லை.

இனி, வகுப்பறைக் கவராயத்தை எடுத்து அதன் முனையை நம் ஓர்ஸ் ஹில்லில் ஊன்றி, 300 மைல் ஆரையில் ஒரு வட்டம் வரைவோம். இலங்கைத் தீவு முழுவதும் அதனுள் அடங்கும். கடலுக்கப்பால் தஞ்சையும் மதுரையும்கூட அடங்கும். வட்டத்தினுள்ளே இருப்போரையேனும் நாம் அயலாராகக் கருதாதிருந்தோமா? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கிற்று. அவர்கள் பறித்த கொழுந்தின் தேநீரை நாள்தோறும் பருகிய வடக்கிலும் கிழக்கிலும், அது மலைநாட்டார் வழக்கென்று வாளாவிருந்தோர் பலர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் வந்தது. அயன்மைக்கு 300 மைல் வேண்டுவதில்லை. ஒரு மலைத்தொடர் போதும். ஒரு சாதித்தெரு அதனினும் போதும்.

இதே கதையில் மற்றொரு செய்தியும் உண்டு. ஓநாயாய் உருமாறுவோராக ஆசிரியர் படைத்தவர்கள் குவில்யூற் என்னும் உண்மையான தொல்குடியினர். வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் லா புஷ் என்னுமிடத்தில் வாழ்பவர். உலகமெங்கும் அவர்களைக் கற்பனை ஓநாய்களாக அறிந்திருந்த காலத்தில், அவர்களது கவலை ஆழிப்பேரலையாக இருந்தது. தாழ்நிலத்துக் குடியிருப்பை மேட்டுநிலத்துக்கு மாற்ற வழிசெய்யும் சட்டம் 2012 ஆம் ஆண்டில் நிறைவேறியது. 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட திருகோணமலையாருக்கு மேட்டுநிலத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

தமிழிலும் ஒரு காதற்கதையின் தொடர்ச்சியாய் அமைந்த நூல் உண்டு. கோவலன் கதையைச் சிலப்பதிகாரம் சொல்லிற்று. அவன் மகளின் கதையை மணிமேகலை சொல்லிற்று. பேயும் தெய்வமும் முற்பிறப்பும் அதிலும் நிரம்பவுண்டு. சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சி இறந்த சிறுவனின் தாய் கோதமை, மகனை மீட்டுத் தருமாறு சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். தெய்வமோ அது தன்னால் ஆகாதென்று மறுத்துவிடுகிறது. சாவை நீக்கித் தரும் மாயத்தை அக்காவியம் வேண்டுமென்றே ஒதுக்கிவைத்தது. பசியை நீக்கும் மாயத்தை மட்டும் அது விரும்பிப் படைத்தது.

அந்த அமுதசுரபியை முன்பு வைத்திருந்தவன் ஆபுத்திரன். பசித்தவரைத் தேடிச் சாவகநாட்டுக்குக் கப்பலேறிய அவன், இடையில் மணிபல்லவத்தில் தனியே விடப்படுகிறான். கையிலோ வற்றாத பாத்திரம். தீவிலோ உண்பதற்கு ஒருவரும் இலர். அவன் விரும்பியிருந்தால் அங்கே உண்டு உயிர் வாழ்ந்திருக்கலாம். பிறர்க்கு ஊட்டப் பயன்படாத பாத்திரத்தால் தன்னுயிரை மட்டும் வளர்ப்பதை அவன் ஏற்கவில்லை. அதனைப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர்விடுகிறான். பின்னர் அது மணிமேகலையின் கையை அடைகிறது. காதலித்த அரசகுமரனை அவள் மணக்கவில்லை. காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்த்து, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள்.

பாத்திரம் ஒன்று வானத்திலிருந்து வந்து பசி தீர்க்குமென்று நாம் காத்திருக்கப் போவதில்லை. நெல் யார் களஞ்சியத்தில் இருக்கிறது என்று கேட்கக் கற்றவர்கள் நாம். உயிர்விடுதலும் நாம் பின்பற்றத்தக்க நெறியன்று. எனினும் இரண்டு நூல்களும் காட்டும் திசைகள் வேறு. பிரேக்கிங் டோனின் நல்லோர், தீங்கு செய்யாதிருத்தலோடு நின்று, தம்மவர் நால்வர் என்றென்றும் வாழும் முடிவைப் பெற்றனர். மணிமேகலையின் நல்லோர்க்கோ பெயரறியாதவர் பசி தம் பசியாயிற்று.

மாணவர் அந்நூலைப் படிக்கட்டும். தடுப்பது ஆசிரியர் தொழிலன்று. படித்து முடித்ததும் அவர்களிடம் ஒரு வினாவை மட்டும் வைப்போம்: இந்த இன்பமான முடிவுக்கு விலை கொடுத்தவர் யார்? கதையில் அவ்வினாவைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை ஒரு தேநீர்க் கோப்பையின் முன்னும், ஒரு துறைமுகத் திட்டத்தின் முன்னும், ஒரு நாட்டின் வெற்றி விழாவின் முன்னும் அதனைக் கேட்கத் தவறாது.