மடங்க மறுக்கும் முழங்கால்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். முழங்காலில் வீக்கம் கண்டால் முதலில் வர்ம வைத்தியரிடம் சென்று எண்ணெய் தடவிக்கொள்வது இந்த எல்லைப் பகுதியில் நெடுநாள் வழக்கம். சுளுக்கு என்றால் சரி. இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் வலியும் நாளுக்கு நாள் வளரும் வீக்கமும் எலும்புக் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். அதை அழுத்தித் தேய்ப்பது தீங்கு. 1981-இல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது.

ஆஸ்டியோசர்க்கோமா என்னும் எலும்புப் புற்று பெரும்பாலும் வளரும் பருவத்தினருக்கு, முழங்காலை ஒட்டியே வருகிறது. ஒரு காலத்தில் காலையே அகற்றுவதுதான் வழி. 1970-களில் வேதி மருந்துச் சிகிச்சை வேரூன்றிய பிறகு, நோயுற்ற எலும்பை மட்டும் நீக்கி உலோக மூட்டுப் பொருத்திக் காலைக் காக்கும் முறை பரவிற்று.

கால் காப்பாற்றப்பட்டது, ஆனால் மடங்கவில்லை. அறுவைக்குப் பின் தழும்புத் திசு இறுகுகிறது, தொடைத் தசை மெலிகிறது. சமதளத்தில் இயல்பாக நடக்க முழங்கால் சுமார் 60 பாகை மடங்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுவதற்கு 90 பாகைக்கும் மேல். மருத்துவர் அனுமதித்த அளவில் குதிகாலைப் படுக்கையோடு இழுத்து மடக்குவதும் தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவதும் நாள்தோறும் பல முறை நடைபெற வேண்டும். வலியும் சலிப்பும் நிறைந்த வேலை இது.

இவ்விடத்தில்தான் நம்மவர் சிலர் வேதாந்தத்தைத் துணைக்கு அழைக்கின்றனர்: "உடல் நானல்லவே, மடங்கினால் என்ன, மடங்காவிட்டால் என்ன?" பகவான் ரமணருக்கு இடது முழங்கை அருகே சர்க்கோமா கண்டபோது, 1949-இல் நான்கு முறை அறுவை நடந்தது. கையை அகற்றும் யோசனையை அவர் ஏற்கவில்லை. மற்றபடி, மருத்துவர்கள் தம் பணியைச் செய்ய இடம் கொடுத்தார். உடல் தாமல்ல என்று உறுதியாக அறிந்தவர் சிகிச்சைக்கு இடம் கொடுத்தார். அறியாத நாமோ அதே வாக்கியத்தைச் சொல்லிச் சோம்பலை மறைக்கிறோம்!

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் மனத்தை வசப்படுத்தப் பகவான் கூறும் வழிகள் அப்யாஸமும் வைராக்கியமும். முழங்காலுக்கும் இவ்விரண்டும் பொருந்தும். நேற்று 40 பாகை, இன்றும் 40. நாளையும் மடக்கத்தான் வேண்டும். இது அப்யாஸம். வைராக்கியம் இன்னும் கடினமானது. உலோக மூட்டுப் பொருத்தியவர்களைச் சம்மணமிடவும் குந்தி அமரவும் வேண்டாம் என்றே பொதுவாக மருத்துவர்கள் சொல்வார்கள். பத்மாசனத்தில் அமர்ந்து ஜபம் செய்து பழகியவருக்கு இந்த இழப்பு சிறிதன்று. ஆனால் ஜபம் செய்வது முழங்காலன்று. பூஜை அறையில் நாற்காலியா என்று தயங்கும் வீடுகளில், பெரியவர்களே அதை முதலில் எடுத்துப் போட்டுப் பிள்ளையை அமரச் செய்யட்டும்.