ஊற்ற மறந்த துளி

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, செல் வளர்க்கும் தட்டில் இன்டர்லூக்கின்-2 சேர்க்க மறந்துவிட்டு ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். திங்களன்று நுண்ணோக்கியில் பார்த்தால், கொத்துக் கொத்தாகப் பளபளத்த டி-செல்கள் சுருங்கித் தூளாகக் கிடந்தன. சத்துநீர் இருந்தது. வெப்பம் 37 டிகிரி, சரியாக இருந்தது. கிருமியும் புகவில்லை. “நீ ஒண்ணும் கொல்லலப்பா. குடுக்க வேண்டியத குடுக்கல, அவ்வளவுதான்” என்றார் சீனியர் அக்கா.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த வாரக் கடைசியில் நான் பார்த்துவிட்டு வந்தது தாத்தாவை. எட்டு மாதம் கழித்து.

சேர்வராயன் கோயில் மலைக்குக் கீழே ஒரு கிராமம். நாற்பது வருடம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவர். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிக்கு ஒற்றை மூங்கில் ஏணி போட்டு ஏறுவார். முட்டி போனதும் ஏணி போனது. யாரும் அவரை விரட்டவில்லை, திட்டவில்லை. அப்பா மாதாமாதம் பணம் அனுப்புகிறார். தாத்தா ஒரு வேளைதான் சமைக்கிறார். கேட்டால், “ஒரு ஆளுக்கு எதுக்குடா ரெண்டு தடவ அடுப்பு?”

இன்டர்லூக்கின்-2 கண்ணில் பட்டது 1976-இல், ராபர்ட் கேலோவின் ஆய்வுக்கூடத்தில். டி-செல்களை உடலுக்கு வெளியே நீண்ட நாள் வளர்க்க முடிந்தது அதனால்தான். இது சைட்டோகைன் வகை. ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் புரதச் சேதி. நிணநீர்க் கணுக்களில் இருக்கும் தாங்குசெல்கள் இன்டர்லூக்கின்-7 என்ற இன்னொன்றைச் சுரக்கின்றன. அது டி-செல்லின் ஏற்பியில் வந்து ஒட்டினால், உள்ளே ஸ்டாட்-5 என்ற புரதம் உட்கருவுக்குப் போகும்; பிசிஎல்-2 என்ற காவல் புரதம் உருவாகும். சேதி நின்றால் ‘பிம்’ என்ற எதிராளியின் கை ஓங்கும். செல் தன்னைத் தானே துண்டாக்கிக்கொள்ளும்.

1992-இல் மார்ட்டின் ராஃப் இதைப் பொதுவாக்கினார்: பெரும்பாலான செல்களுக்குச் சாவுக்கான ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது, மற்ற செல்கள் விடாமல் சேதி அனுப்புவதால்தான் அவை உயிரோடு இருக்கின்றன. வெளியிலிருந்து யாரும் சொல்லாமலே ‘வாழ்’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் டி-செல்லும் உண்டு. இன்டர்லூக்கின்-7 ஏற்பியின் மரபணு திரிந்து, சேதி வராமலே வந்ததுபோல் இயங்கும். சிலவகை ரத்தப் புற்றுநோய்களில் அதைக் காண்கிறோம்.

இதுவரை படித்தால் மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஒருவரை ஒருவர் தாங்குகிறோம், நல்லது. ஆனால் உடல் வேறொன்றும் செய்கிறது. கிருமி நுழைந்ததும் ஒரு டி-செல் ஆயிரக்கணக்கில் பெருகிச் சண்டை போடுகிறது. கிருமி ஒழிந்ததும் சேதி வற்றுகிறது. சண்டை போட்டவற்றில் 90 முதல் 95 சதவீதம் செத்துப்போகின்றன. இந்தச் சாவு உடலுக்குத் தேவை. பிம் புரதம் இல்லாத எலிகளுக்கு மண்ணீரல் வீங்குகிறது. சொந்த உடலையே தாக்கும் நோய் வருகிறது.

வேலை முடிந்தவனுக்குச் சேதி கிடையாது. தாத்தாவின் கதையும் இதுதானே? அப்படியானால் இயற்கையே இப்படித்தான் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாமா?

ரொம்ப நாள் இதில் மாட்டிக்கொண்டிருந்தேன். இப்போது தோன்றுவது இது. உடல் செல்லைத் தனக்காக வைத்திருக்கிறது. செல்லுக்கென்று ஒரு சாயங்காலம் கிடையாது. தாத்தாவுக்கு உண்டு. காரியம் தீர்ந்தால் கைவிடுவதை உடலிடம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சேதி நின்றால் என்ன ஆகும் என்பதை அது எனக்குக் காட்டிவிட்டது. ‘நான் ஒன்றும் செய்யவில்லை’ என்பது அந்தத் தட்டின் முன்னால் நிற்கும் வாதமே அல்ல. ஊற்ற வேண்டிய கை என்னுடையதாக இருந்தது.

சேதிக்கும் தட்டுப்பாடு உண்டு என்பது உண்மைதான். யாருக்கு நேரம் இருக்கிறது? அதற்கும் டி-செல் ஒன்று செய்கிறது. இன்டர்லூக்கின்-7 கிடைத்ததும் தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. மிச்சம் அடுத்ததற்குப் போகிறது. 2004-இல் வந்த ஓர் ஆய்வு இதைக் காட்டியது. கோடையில் ஊர்க் குழாயடியில் குடம் நிறைந்தவர் நகர்ந்து இடம் விடுவார். அதுபோலத்தான்.

பக்கத்து வீட்டு அத்தை தினமும் வேலியோரம் நின்று, “மாமா, சாப்டாச்சா?” என்று கேட்பதை அந்த இரண்டு நாளும் பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகாது. அத்தனை நாளும் என் வீட்டுச் சேதியையும் அவரே சுமந்திருக்கிறார்.

இப்போது தினமும் ஏழு மணிக்கு ஃபோன் செய்கிறேன்.

“சாப்டாச்சா தாத்தா?”

“உலை வெச்சிருக்கேன்டா.”

பொய்யாகவும் இருக்கலாம். மறுநாளும் கேட்கிறேன்.